சமநிலத்திலும் உண்டு காட்சி

நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் சுற்றுலாச் சென்று மீளும் மாணவர்கள் நூற்றுக்கணக்கான படங்களோடு வருகிறார்கள். மலை, அருவி, தேயிலைச் சரிவு, பனிமூட்டம், ஒன்பது வளைவுப் பாலம் என எல்லாம் அவற்றில் உள்ளன. "உங்கள் ஊரின் படம் ஒன்றையும் காட்டுங்களேன்" என்று கேட்டால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். "எங்கட ஊரில எடுக்கிறதுக்கு என்ன சேர் இருக்கு? பாத்தாப் பனையும் வெளியுந்தானே" என்பது அவர்களின் மறுமொழி.

அதே ஊரைவிட்டுப் புறப்பட்டு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் வாழ்ந்து வருவோர் கேட்பதோ அந்தப் பனையையும் வெளியையுமே. "வீட்டுக்குப் பின்னாலிருந்த வெளியைப் படமெடுத்து அனுப்பு" என்று மூத்தவர் ஒருவர் கேட்கிறார். ஊரிலுள்ள மருமகன் அன்று மாலையே நாற்பது படங்களை அனுப்பிவைக்கிறான். பார்க்கிறவருக்கு அவற்றில் வானம் தெரிகிறது, புல் தெரிகிறது, வெளியைத்தான் காணவில்லை. அவன் அந்த இடத்திலே நின்றுதான் எடுத்திருக்கிறான். கமராவிலும் பழுதில்லை. ஆயினும் இடம் படத்துள் வந்து சேரவில்லை. அஃது ஏன் என்பதையும், வரச்செய்யும் வழி யாது என்பதையும் சிறிது ஆராய்வோம்.

மலைநாட்டிலே படம் நன்றாக அமைவதற்குக் காரணம் உண்டு. மலை தன்னைத் தானே அடுக்கித் தருகிறது. அண்மையில் தேயிலைச் செடி, அப்பால் ஒரு லயன் கூரை, அதற்கும் அப்பால் ஒரு சரிவு, கடைசியில் நீலம் பாரித்த முடி என நிலமே ஒன்றன்பின் ஒன்றாக ஏறி நிற்கின்றது. சரிவுகள் படத்திற்குக் குறுக்கே சாய்கோடுகளாக ஓடிக் கண்ணை உள்ளே அழைத்துச் செல்கின்றன. குடாநாடோ சுண்ணக்கல்லின்மேற் பரந்து கிடக்கும் தட்டை நிலம். நூறு முழத்திலுள்ளதும் ஒரு கட்டைத் தொலைவிலுள்ளதும் அடிவானம் என்ற ஒரே கோட்டிற்குள் நசுங்கிக் கிடக்கின்றன. எனவே மலையில் நிலம் செய்து தந்த வேலையை இங்கே படமெடுப்பவர் செய்தாக வேண்டும். காட்சியமைப்பு என்பது அந்த வேலைதான்.

இன்னொன்றும் சொல்லுதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கவன் முதலிய ஐரோப்பியர் இலங்கையில் நிழற்பட நிலையங்கள் நடத்தினர். அவர்கள் விற்பனைக்காக எடுத்த காட்சிகளிற் பெரும்பாலானவை மலைநாடும் தென்னங்கரையும் பழந்தலைநகரங்களின் இடிபாடுகளுமே. வாங்கியவர் தோட்டத்துரைமாரும் கப்பற் பயணிகளும். அவர்கள் எதனை இலங்கை என்று கொண்டார்களோ அதனையே இன்றைய கலண்டர்களும் பெரும்பாலும் காட்டிவருகின்றன. வறண்ட வடபுலம் 'காட்சி' என்ற கணக்கில் அரிதாகவே சேர்ந்தது. நம் மாணவரின் சிரிப்புக்கு இப்பழக்கமும் ஒரு காரணம் என்பது எமது எண்ணம்.

கண்ணும் கமராவும்

வெளியொன்றின் ஓரத்தில் நின்று பார்க்கிறோம். நம் கண் உடனே அந்தப் பனங்கூடலிற் சென்று தங்குகிறது. மேலே எத்துணை வானம், கீழே எத்துணைப் புல் என்று அது கணக்கெடுப்பதில்லை. வேண்டியதைப் பெரிதாக்கி வேண்டாததை மறந்துவிடுகிறது. கமராவுக்கு இந்த மறதி இல்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கைத்தொலைபேசியிலுள்ள முதன்மை வில்லை பெரும்பாலும் அகன்ற பார்வை உடையது. பழைய 35 மில்லிமீற்றர் கமராவின் அளவிற் சொன்னால் 24 முதல் 28 மில்லிமீற்றர் வரையான வில்லைக்குச் சமம். அதனைப் படுக்கையாகப் பிடித்து, 20 மீற்றர் உயரமான பனையொன்றை 200 மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால், படத்தின் உயரத்திற் பத்தில் ஒரு பங்கே அந்தப் பனைக்குக் கிடைக்கும். மிகுதி ஒன்பது பங்கும் வானமும் தரையுமே. கண்ணுக்கு வானளாவி நின்ற பனை படத்தில் நெருப்புக்குச்சியாகிவிடுவதன் மருமம் இதுதான். அதே பனையை நோக்கி நடந்து 50 மீற்றருக்கு வந்துவிட்டால் அதன் பங்கு பத்தில் நான்காகும். வேறெந்தச் செலவும் இல்லை. நடந்த நடைதான் செலவு.

"நடப்பானேன்? திரையில் இரண்டு விரலை விரித்தாற் பெரிதாகிவிடுமே" என்று கேட்கலாம். விரலை விரிப்பதனால் நிகழ்வது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்தலே. தொலைநோக்கு வில்லை பொருத்திய கருவியிலே தெளிவு கெடாது. ஆயினும் நின்ற இடம் மாறாதவரை, முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள அளவுத் தொடர்பு மாறாது. நாலடி முன்னே வைத்தால் அண்மைப் பொருள் வளர்கிறது, சேய்மைப் பொருள் அப்படியே நிற்கிறது. நாலடி பக்கவாட்டில் வைத்தால் ஒன்றையொன்று மறைத்திருந்த இரண்டு மரங்கள் விலகி நடுவே வெளிச்சம் தெரிகிறது. படத்தை அமைக்கும் முதற் கருவி கால்தான் என்று மாணவருக்கு நாம் கூறுவதுண்டு. அவர்கள் அதனை வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அடிவானம்

சமநிலத்துப் படத்தில் மிக வலிய கோடு அடிவானமே. அதனை எங்கே வைப்பது என்ற கேள்வி நிழற்படக் கலையின் தொடக்கத்திலேயே பெருந்தொல்லையாக இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மிஞ்சிப் பற்றிக்கொண்டன. கடல் ஒழுங்காகப் பதிந்தால் வானம் வெறுமையாய் வெளுத்துப்போகும். வானத்தைப் பதித்தாற் கடல் இருண்டுவிடும். குஸ்தாவ் லு கிறே என்ற பிரெஞ்சுக்காரர் 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி கண்டார். வானத்தை ஒரு தகட்டிலும் கடலை வேறொரு தகட்டிலும் எடுத்து, அச்சிடும்போது அடிவானக் கோட்டிலே இரண்டையும் பொருத்தினார். இன்று நம் கைத்தொலைபேசி பல அளவு ஒளியிற் படங்களை நொடிப்பொழுதில் எடுத்துத் தானே ஒன்றாக்கித் தருகிறதே, அதற்கு மூத்தது இந்த முறை. வானும் நிலமும் இரண்டு தனித்தனிப் படங்கள் என்ற உணர்வு அவருக்கு வேலையிலேயே கிடைத்துவிட்டது. நாம் அதனை மனத்தாற் பெறுதல் வேண்டும். பொத்தானை அழுத்துமுன் ஒரு கேள்வி: இன்று எனக்குச் செய்தி வானத்திலா, நிலத்திலா?

வானத்தில் என்றால் அடிவானத்தைக் கீழே இறக்குக. நிலத்தில் என்றால் மேலே ஏற்றுக. இரண்டிலும் இல்லையென்றால் அன்றைக்குக் கமராவைப் பையில் வைத்துவிடுதல் நன்று.

படத்தை மூன்றாகப் பகுத்து அடிவானத்தை மேற்கோட்டிலோ கீழ்க்கோட்டிலோ வைக்கவேண்டும் என்னும் விதியைப் பலர் அறிவர். கைத்தொலைபேசித் திரையிலேயே அக்கோடுகளை வரவழைக்கலாம். இவ்விதி கமராவோடு பிறந்தது அன்று. ஜோன் தோமஸ் சிமித் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் நாட்டுப்புறக் காட்சிகளைப்பற்றி 1797இல் எழுதிய நூலில் இதனைப் பெயரிட்டுக் கூறியுள்ளார். நிழற்படக் கலை உலகறிய வெளிவந்ததோ 1839இல். பயிலத் தொடங்குவோருக்கு விதி நல்லதே. அடிவானத்தை நட்டநடுவே போடும் பழக்கத்தை அது போக்கிவிடும். ஆனால் அலையடங்கிய நாளில் பண்ணைக் கடனீரேரியிலே வானம் அப்படியே தலைகீழாகத் தெரியும்போது, நடுவிலே கோட்டை வைத்தவன்தான் கண்டதைச் சொன்னவன் ஆவான். அங்கே விதியைப் பிடித்துத் தொங்குதல் வீண்.

கோட்டை எங்கே வைப்பதென்பதினும் பயனுடைய செய்தி வேறொன்று. நூல்களில் இதற்கு அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. சமநிலத்திலே அடிவானம் எப்போதும் கமராவின் உயரத்திலேயே நிற்கும். உங்கள் கமரா தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தால், அதே தரையில் நிற்கும் ஐந்தடி உயரமான எப்பொருளின் உச்சியும், அஃது எவ்வளவு தூரத்தில் நின்றாலும், அடிவானத்தைத் தொட்டு நிற்கும். அதனிலும் குட்டையானவை முழுவதும் கோட்டின் கீழே நிலத்திலும் நீரிலும் கரைந்துபோகும். உயரமானவை மட்டும் வானத்திலே தலைகாட்டும்.

இதனைப் பண்ணைப் பாலத்து வீதியிற் சென்று சோதித்துப் பாருங்கள். நீரிற் சிறகுவலைக்கு நட்ட தடிகள், ஒரு கொக்கு, இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருவர். வீதியில் நின்றபடி எடுத்தால் கொக்கும் மனிதரும் நீரோடு நீராய் மங்கிவிடுவர். தடிகளும் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். கரைக்கு இறங்கி நீர்மட்டத்துக்கு அருகே குந்தியிருந்து பாருங்கள். மனிதரின் தலையும் தோளும் வானத்தில் எழும். தடிகள் ஒன்றையடுத்து ஒன்றாய் வரிசை கொள்ளும். எதிராக, நீரிலுள்ள பட்டைபட்டையான நிறங்களும் ஆழமும் ஆழமின்மையும் வேண்டுமாயின் கோட்டையின் மதிற்புறம்போல் உயர்ந்ததோரிடத்தில் ஏற வேண்டும். மலைநாட்டில் ஒருவர் ஒரு முழம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் படத்திற் பெரிய மாற்றம் தோன்றாது. இங்கே அந்த ஒரு முழமே படத்தை ஆக்கவும் கெடுக்கவும் வல்லது.

கோடு சரியாமல் இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கடல் ஒருபக்கம் வழிந்தோடுவதுபோலிருக்கும் படங்களை நாம் பார்த்துச் சலித்துவிட்டோம். பனையை எடுக்கும்போது கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் மரங்களெல்லாம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து கூடாரம் அடித்ததுபோல் தோன்றும். பின்னுக்கு நகர்ந்து, கமராவை நிமிர்த்திப் பிடித்து, வேண்டாத தரையைப் பின்னர் வெட்டிவிடுவதே உத்தமம்.

வானத்துக்குப் பெரும்பங்கு கொடுத்தும் நிலத்தை எளிமைப்படுத்தாத படத்திற்கு அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்சிக்கோவிலே ஹேர்னாண்டெஸ் என்னும் கிராமத்தருகில் எடுத்த நிலவெழுச்சிப் படம் பெயர்பெற்ற சான்று. பாதிக்கு மேற்பட்ட இடத்தில் ஏறத்தாழ வெறுமையான கரிய வானம். அதில் ஒரு சிறு நிலா. கீழே சிறு வீடுகள், தேவாலயம், அதன் பக்கத்திலே கல்லறைச் சிலுவைகள். மறையும் சூரியனின் கடைசி ஒளி அந்தச் சிலுவைகளிற் படுகிறது. ஒளியளக்கும் கருவி கைக்கு அகப்படாதபடியால், நிலாவின் ஒளியளவை நினைவிலிருந்து எடுத்துக் கணக்கிட்டு ஒரு தகட்டைப் பதித்தார். மறு தகட்டுக்கு ஆயத்தமாகுமுன் சிலுவைகளிலிருந்து ஒளி நீங்கிவிட்டது. அவ்வானத்தை அச்சிடும்போது ஆண்டுக்காண்டு மேலும் கருமையாக்கினார் என்பதும் தெரிந்த செய்தியே. நமக்கு வேண்டியது இதுதான்: நிலத்துக்குக் கொடுத்த இடம் சிறிது; கண் போய்த் தங்குவதோ அங்கே, அந்தச் சிலுவைகளில். வெறும் வானமும் வெறும் தரையுமாக எடுத்த படத்தில் அத்தகைய தங்குமிடம் இல்லை.

தங்குமிடத்திற்கு நம் ஊர்களிற் குறைவா? வெளியின் நடுவே நிற்கும் சுமைதாங்கி, மாடு முதுகுரஞ்சும் ஆவுரோஞ்சிக்கல், தரவையிற் கவிழ்த்துவைத்த வள்ளம், படிக்கட்டோடு கூடிய கேணி, தனிப் பனை, மணற்காட்டிலே மணலிற் புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்துச் சுவர்கள், நெடுந்தீவின் பெருக்கமரம். இவற்றுள் ஒன்றை அண்மையிலே, படத்தின் ஒருபுறமாக நிறுத்தி, அதற்கப்பால் வெளியை விரியவிட்டால் நசுங்கிக் கிடந்த தூரம் மெல்ல எழுந்து நிற்கும். கல் பெரிது, அப்பால் மாடு சிறிது, அதற்கும் அப்பால் பனங்கூடல் மிகச் சிறிது என்று கண் தானே அளந்துகொள்ளும். கேணிப்படியில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அளவு இன்னும் தெளிவாகும். ஆளை நிறுத்தி வைத்து எடுப்பதைவிட ஆள் வரும்வரை காத்திருப்பது மேல். நிறுத்தி வைக்கப்பட்டவர் கமராவையே பார்ப்பார். பிறகு அது அவருடைய படம் ஆகிவிடும், இடத்தின் படம் அன்று.

கண்ணை அழைத்துச் செல்லும் கோடுகளைப்பற்றிச் சொல்லப்புகின், யாழ்ப்பாணத்து ஒழுங்கையைப்போல் ஒன்று எங்கும் கிடைப்பதரிது. இருமருங்கும் வேலி, நடுவே மணற்றடம், சிறிது தூரத்திலே ஒரு வளைவு. அவ்வளைவுக்கு அப்பால் யாது உளது என்ற ஆவல் பார்ப்போனைப் படத்துள்ளே நடக்க வைக்கிறது. வளைவு முழுவதும் தெரிய நின்றால் ஆவல் கெடும். வளைவு தெரியவே தெரியாமல் நின்றால் ஒழுங்கை ஒரு சுவரில் முட்டியதுபோலிருக்கும். சரியான இடம் இவ்விரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் இருக்கிறது. நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நெடுந்தீவிலே முருகைக்கல் அடுக்கிய வேலிகள் இதே வேலையைச் செய்கின்றன. தாழ்வான அவ்வேலிகளின்மேலே கமராவைச் சிறிது உயர்த்திப் பிடித்தால், ஒன்றன்பின் ஒன்றாகக் காணிகள் பகுபட்டுக் கடல்வரை செல்வதைக் காட்டலாம். ஒழுங்கைகளிற் கிடுகு வேலியும் ஓலை வேலியும் ஆண்டுதோறும் குறைந்து மதில்கள் எழுகின்றன. வேலி அடைப்பதற்கு ஓலையும் இல்லை, ஆளும் இல்லை. மதில் கட்டுவோரைக் குறைசொல்ல முடியாது. ஆனால், எடுக்க நினைப்பவர் அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போடாதிருத்தல் நன்று.

பொழுது

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கு சேர்த்தே முதற்பொருள் என்றார். அங்குள்ள மரமும் விலங்கும் பறவையும் மாந்தர் தொழிலும் கருப்பொருள். அங்கே நிகழும் உள்ளத்துணர்ச்சி உரிப்பொருள். வகுப்பிலே இதனை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். படமெடுக்கப் புறப்படுபவன் இதனைக் கையிற் கொண்டுபோகலாம். இடம் இருந்தும் பொழுது பொருந்தாவிட்டாற் படம் இல்லை. இரண்டும் இருந்தும் கருப்பொருள் ஒன்றும் இல்லையேல் அது வெறும் நிலவரைபடம். மூன்றும் இருந்து உரிப்பொருள் இல்லையேல் கலண்டர்.

நெய்தலுக்கு எற்பாடு; அதாவது பொழுது சாயும் நேரம் என்று கொள்வது பெருவழக்கு. மருதத்துக்கு வைகறையும் விடியலும். கடற்கரையில் மாலையையும் வயலில் விடியலையும் இன்றைய நிழற்பட நூல்களும் விதந்து கூறும். ஆனால் அந்நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுந்தவை. மார்கழி மாதத்திலே இலண்டனில் நண்பகற் சூரியனே ஏறத்தாழ 15 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. பகல் முழுவதும் சாய்ந்த ஒளிதான். யாழ்ப்பாணம் வட அகலக்கோட்டில் 10 பாகைக்கும் குறைவான இடத்தில் இருப்பதால், இங்கே சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதிலேயே அவ்வுயரத்தைத் தாண்டிவிடும். சித்திரைப் புத்தாண்டை அண்டியும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்தியொளியும் அவ்வாறே, மறைந்தபின் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வெளிச்சம் நிற்கும். ஆகவே பொழுது வந்தபின் இடம் தேடுதல் இயலாது. முதல்நாள் பகலிலே சென்று இடத்தைத் தேர்ந்து, எங்கே குந்துவது, எதனை முன்னே வைப்பது என்பவற்றை முடிவுசெய்துகொண்டு, மறுநாள் அந்த ஒரு மணி நேரத்துக்குப் போகவேண்டும்.

நண்பகலில் எடுக்கவே கூடாது என்பாருமுளர். அதனை நாம் முழுதும் உடன்படோம். பாலைக்கு நண்பகலைத்தானே வகுத்தார்கள்? ஆனையிறவுப் பக்கத்து வறண்ட தரவையை, கோடையில் வெடித்த மண்ணை, நிழல் காலடிக்குள்ளே சுருங்கிய நேரத்திலே எடுத்தால்தான் அதன் வெம்மை படத்தில் இருக்கும். பொன்னொளியிலே எடுத்தால் அழகாயிருக்கும், பொய்யாயும் இருக்கும்.

சிறுபொழுது இவ்வாறாக, பெரும்பொழுதும் கவனிக்கத்தக்கது. தை மாதத்து அதிகாலையிற் பனிப்புகார் இறங்கும் நாள்களில் சமநிலத்துக்கு மலைநாட்டின் அடுக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அண்மைப் பனை கறுப்பாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கடுத்தது நிழல்போலவும் தோன்றித் தூரத்தைத் தாமே சொல்லும். ஐப்பசியில் மாரி தொடங்குமுன் மாலைவேளைகளிற் கிழக்கேயும் தெற்கேயும் முகில்கள் கோட்டை கோட்டையாக எழும். யாழ்ப்பாணத்துக்கு மலை உண்டு. அது வானத்தில் இருக்கிறது. அந்நாள்களில் அடிவானத்தை எவ்வளவு கீழிறக்கினாலும் தகும். மழை ஓய்ந்தபின் வெளிகளில் நீர் தேங்கி வானத்தைத் தரைக்குக் கொண்டுவருகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலோ பனையோலைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். காற்றைப் படமெடுக்க வேறு வழி ஏது?

இனி, விலக்கவேண்டியவை. பொத்தானை அழுத்துமுன் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணாற் சுற்றிவருக. பாதி வெட்டுண்ட சைக்கிள், மூலையிலே எட்டிப்பார்க்கும் ஒரு பொலித்தீன் பை, பனையின் உச்சியிலிருந்து முளைத்ததுபோன்ற தொலைபேசிக் கோபுரம் யாவும் இச்சுற்றிலே அகப்படும். பழைய பெருங்கமராக்களிலே பின்னாலுள்ள தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாகத்தான் விழும். அஃது இடையூறென்று தோன்றும். உண்மையில் அது பெரிய உதவி. தலைகீழாய்ப் பார்க்கும்போது பனை பனையாகத் தெரியாது, கரிய பட்டையாகத் தெரியும். எந்தப் பக்கம் பாரம் கூடியது, எந்தப் பக்கம் வெறுமையாயிற்று என்பது உடனே புலப்படும். எடுத்த படத்தைத் திரையிலே தலைகீழாகத் திருப்பிப் பார்த்து இன்றும் இச்சோதனையைச் செய்யலாம்.

மின்கம்பிகளை என்செய்வது என்ற கேள்வி எழும். இப்போது விரலால் ஒரு தடவு தடவினாற் கம்பி, கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் மறைந்துவிடுகின்றன. சுவரில் மாட்டும் அலங்காரப் படத்துக்கு அஃது அவரவர் விருப்பம். ஊரைப் பிரிந்திருப்பவருக்கு அனுப்பும் படத்திலே அழித்தல் தகாது என்பது எமது துணிபு. அந்தக் கம்பம் எந்த வீட்டுப் படலைக்கு முன்னே நிற்கிறது என்பதை வைத்தே அவர் இடத்தை அடையாளம் காணவும் கூடும். வேண்டாமென்றால் இரண்டடி விலகி நின்று மரத்தால் மறைத்துக்கொள்ளலாம். அது நேர்மையான மறைப்பு.

இதனோடு சேர்த்து மற்றொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. 1990இலும் பின்னரும் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கிலும் வேறு பல இடங்களிலும் கூரையிழந்த வீடுகளைக் காண்கிறோம். சுவர்களில் ஆலும் அரசும் வேர்விட்டுள்ளன. சாய்ந்த வெயில் யன்னல் ஓட்டைவழி விழுகிறது. படமெடுப்போர்க்கு இவை பெருவிருந்து. வேரின் பின்னலையும் ஒளிக்கற்றையையும் மட்டும் சட்டத்துள் அடக்கி, ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழமைபோலக் காட்டிவிடுகிறார்கள். அவ்வீட்டில் வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அப்படத்தைப் பார்க்கவும் கூடும். எடுக்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. எடுக்கும்போது சிறிது பின்வாங்கி, கிணற்றுக்கட்டையும் துலாக்காலையும், முற்றத்து மாமரத்தையும், தலையிழந்து நிற்கும் மொட்டைப் பனையையும் சேர்த்து எடுத்தால், இஃது ஒரு குடும்பத்தின் வளவு என்பது தெரியும். எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பதுதானே காட்சியமைப்பு. அந்தத் தெரிவு இங்கே அழகை மட்டும் தொட்டு நிற்பதில்லை. காணிக்காரர் பக்கத்திலிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுப்பது மரியாதை.

பயில விரும்புவோருக்கு ஒரு வழி கூறுவோம். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலே ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வெளியோ, ஒழுங்கையோ, கேணியோ போதும். மூன்று மாதத்துக்கு வேறிடம் போகவேண்டாம். கிழமைக்கு ஒருநாள், ஒருமுறை விடியலிலும் மறுமுறை மாலையிலுமாகச் சென்று, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு படம் எடுங்கள். நாற்பது எடுக்கலாம் என்றிருந்தால் மனம் தெரிவு செய்யாது. ஒன்றுதான் என்றால் அரைமணி நேரம் நடந்து, குந்தி, எழும்பி, பார்த்தபிறகே விரல் அசையும். பன்னிரண்டு பதின்மூன்று படங்கள் சேர்ந்தபின் அவற்றை வரிசையாக வைத்து வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தப் படத்தைக் கண்டதும் அவர் "இது இன்னாருடைய காணி மூலையல்லவா" என்று வாய்திறக்கிறாரோ, அதிலே நீங்கள் எங்கே நின்றீர்கள், கமரா என்ன உயரத்தில் இருந்தது, எதனை முன்னே வைத்தீர்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்றையாவது நல்ல தாளில் அச்சிடுவித்து, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள்: ஊர், ஒழுங்கையின் பெயர், எத்திசை நோக்கி எடுத்தது, ஆண்டு, மாதம், பொழுது, தெரியும் மரங்களின் பெயர், தூரத்தே தெரியும் கோபுரம் எந்தக் கோயிலுடையது என்பன. அதன் பின்னர் ரொறன்ரோவுக்கு அனுப்பலாம்.